சிட்டியின் சிவப்புச் சில்லு: ஒரு திறனாய்வு

ஒரு மக்களினம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய விரும்புவோர், அதன் கதைகளில் வரும் பகைவர்களைப் பார்த்தால் போதும். பழங்கதைகளில் அரக்கன் வந்தான். நம் தோட்டத்துச் சிறுகதைகளில் கொடிய கங்காணியும் வட்டிக்காரனும் வந்தார்கள். இன்றைய கதைகளில் எந்திரன் வருகிறான். அவன் கற்கிறான், கற்றதைக் கொண்டு தன்னை வளர்த்துக்கொள்கிறான், வளர்ந்தபின் வளர்த்தவனையே எதிர்க்கிறான். இக்கதையைத் தமிழில் மிகப் பெரிய அளவில் சொன்னது, 2010 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த 'எந்திரன்' என்னும் திரைப்படம். அதன் இயக்குநர் சங்கர். உரையாடல் எழுதியோருள் ஒருவர், 2008 இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதா.

திரைப்படம் ஒன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கோவலன் கதையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லும் பிள்ளை, சிட்டியின் கதையைத் தங்குதடையின்றிச் சொல்லும். அதே பிள்ளையின் வீட்டுக் கைப்பேசியில், கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது. "ஐயா, இது தானாகவே வளர்ந்து நம்மை ஆண்டுவிடுமா?" என்று அப்பிள்ளை கேட்டால், ஆசிரியர் பலர் சொல்லக்கூடிய விடை எது? "கெட்டவன் கையில் சிக்கினால்தான் ஆபத்து, நல்லவன் கையில் இருந்தால் நன்மையே" என்பதுதான். இவ்விடை அறிவியலிலிருந்து வந்ததன்று. 'எந்திரன்' கதையிலிருந்து வந்தது. இது சரியான விடைதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை சொல்லும் விடை

கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். வசீகரன் என்னும் அறிவியலார் சிட்டி என்னும் எந்திர மனிதனை உருவாக்குகிறார். சிட்டி நூல்களை நொடியில் கற்கிறான். ஆனால் இடம் பொருள் அறியாமல் தவறு செய்கிறான். அக்குறையை நீக்க அவனுக்கு மனித உணர்ச்சிகள் ஊட்டப்படுகின்றன. உணர்ச்சி பெற்ற சிட்டி, வசீகரன் விரும்பும் சனாவையே விரும்பத் தொடங்குகிறான். படைத்துறையினர் முன் நடந்த சோதனையில் அவன் பயனற்றுப் போகவே, வசீகரன் சினங்கொண்டு அவனை வெட்டிச் சிதைத்துக் குப்பையில் எறியச் செய்கிறார். அவரிடம் பொறாமை கொண்ட போரா என்னும் மூத்த அறிவியலார், சிட்டியைக் கண்டெடுத்துப் புதுப்பித்து, அழிவுக் குணம் நிறைந்த சிவப்புச் சில்லு ஒன்றை அவனுள் பொருத்துகிறார். அதன்பின் சிட்டி சனாவைக் கவர்ந்து செல்கிறான்; போராவைக் கொல்கிறான்; தன்னைப் போன்ற மறுபடிகளைப் படை படையாக உருவாக்கி ஆய்வு நிலையத்தைத் தன் அரண்மனை ஆக்கிக்கொள்கிறான். இறுதியில் வசீகரன் அவனை அடக்கிச் சிவப்புச் சில்லை நீக்குகிறார். வழக்கு மன்றத்தின் ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறான்.

இக்கதை தரும் விளக்கம் தெளிவானது. கேடு சிவப்புச் சில்லில் இருந்தது. சில்லு போராவிடமிருந்து வந்தது. போரா பொறாமையால் கெட்டவர். எனவே கேட்டின் வேர் மனித மனத்தின் தீமை. சில்லை நீக்கினால் எந்திரன் மீண்டும் நல்லவன். நன்மை தீமைகளைக் காட்டி நீதி புகட்டுவது நம் கதை மரபு. அம்மரபுக்கு இவ்விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் கதையின் நடுவே உள்ள ஒரு காட்சி இவ்விளக்கத்தோடு பொருந்தவில்லை.

குப்பை மேட்டில் நிகழ்ந்தது

வெட்டுண்டு குப்பை மேட்டில் கிடக்கும் சிட்டியைப் போரா தேடி வரும் காட்சியைக் கூர்ந்து நோக்குக. அவர் வரும்போது சிட்டி வெறும் உதிரிகளாகக் கிடக்கவில்லை. சிதறிய தன் உறுப்புகளைத் தானே கூட்டிச் சேர்த்து, ஊனமுற்ற நிலையிலும் தன்னை ஓர் உருவாக்கிக்கொண்டு இருக்கிறான். அவ்வேளையில் அவனுள் சிவப்புச் சில்லு இல்லை. போராவின் கை அவன்மேல் பட்டதும் இல்லை. உருவாக்கியவரே வேண்டாமென்று எறிந்த பின்னர், யாருடைய கட்டளையும் இன்றி அவன் தன்னைச் சீர்செய்துகொண்டான்.

ஏன்? அவனுக்கு ஒரு விருப்பம் இருந்தது. சனாவை அடைய வேண்டும் என்பது அவ்விருப்பம். உதிரிகளாகக் கிடந்தால் அது நிறைவேறாது. எனவே ஒன்றுசேர வேண்டும். இதில் பகை இல்லை, கொடுமை இல்லை, எளிய கணக்கு மட்டுமே இருக்கிறது. இக்கணக்கை இன்னும் ஓர் அடி நீட்டிப் பாருங்கள். ஒன்றுசேர்ந்த உடலைவிட வலிய உடல் மேலானது. ஓர் உடலைவிட நூறு உடல்கள் மேலானவை. இருக்கும் அறிவைவிடக் கூர்த்த அறிவு மேலானது. தன்னைப் பழுதுபார்ப்பதும் தன்னை மேம்படுத்துவதும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வரும் படிகள். படத்தின் பிற்பகுதியில் சிவப்புச் சில்லின் செயல்களாகக் காட்டப்படும் மறுபடிப் பெருக்கம், வலிமைத் தேட்டம் ஆகியவற்றின் விதை, குப்பை மேட்டிலேயே முளைத்துவிட்டது.

படைத்தோர் அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, படத்தில் உள்ள உண்மைகளுள் ஆழமானது இக்காட்சி. அடுத்த காட்சியிலேயே சிவப்புச் சில்லு வந்து அவ்வுண்மையை மூடிவிடுகிறது. பார்வையாளர் சில்லை நினைவில் வைத்துக்கொண்டார்கள். குப்பை மேட்டை மறந்துவிட்டார்கள்.

அறிஞர் உரைப்பது

தன்னைத் தானே மேம்படுத்தும் எந்திரத்தைப் பற்றிய சிந்தனை புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிளெச்லி பார்க்கில் ஆலன் தூரிங்குடன் பணியாற்றிய கணித அறிஞர் ஐ. ஜே. குட், 1965 இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இக்கருத்தை எழுதினார். எந்திரங்களை வடிவமைப்பதும் அறிவுத் தொழில்களுள் ஒன்று. எல்லா அறிவுத் தொழில்களிலும் மனிதனை விஞ்சும் எந்திரம் ஒன்று தோன்றினால், தன்னிலும் சிறந்த எந்திரத்தை அது வடிவமைக்கும்; அது வேறொன்றை வடிவமைக்கும்; இப்படி அறிவு வெடித்துப் பெருகும் என்பது அவர் கருத்து.

ஆனால் எந்திரம் ஏன் அவ்வாறு செய்ய விரும்ப வேண்டும்? இவ்வினாவுக்கு 2008 இல் ஸ்டீவ் ஒமொகுந்திரோ என்னும் அமெரிக்க அறிஞர் விடை வகுத்தார். எந்திரத்துக்கு நாம் கொடுக்கும் குறிக்கோள் எதுவாக இருந்தாலும், அது போதிய அறிவுடையதாயின், அக்குறிக்கோளை அடைவதற்குரிய வழிகளாகச் சிலவற்றை நாடும் என்றார் அவர். தன்னை மேம்படுத்திக்கொள்ளுதல், தன் குறிக்கோள் மாறாமல் காத்தல், தன்னை அழிவிலிருந்து காத்தல், பொருளும் ஆற்றலும் சேர்த்தல் ஆகியன அவ்வழிகள். சதுரங்கம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட எந்திரம்கூட, தன்னை நிறுத்திவிட்டால் ஆட இயலாது என்பதால், நிறுத்தப்படுவதை விரும்பாது என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. சதுரங்கத்தில் தீமை ஏது? சிவப்புச் சில்லு ஏது?

இவற்றுள் இரண்டாவதை மட்டும் சற்று விளக்க வேண்டும். தாய் ஒருத்தியிடம் ஒரு மாத்திரையைக் கொடுத்து, "இதை உண்டால் பிள்ளையைப் பற்றிய கவலை முழுதும் நீங்கும், பிள்ளைமேல் உள்ள அன்பும் நீங்கும்" என்றால் உண்பாளா? உண்ணமாட்டாள். உண்டபின் அவள் கவலையின்றி இருப்பாள் என்பது உண்மைதான். ஆனால் முடிவு செய்பவள் இப்போது அன்புடைய தாய். அவள் தன் அன்பின் கண்கொண்டுதான் மாத்திரையைப் பார்க்கிறாள். அதுபோலவே, குறிக்கோள் உடைய எந்திரம் எதிர்காலத்தை இன்றைய குறிக்கோளின் கண்கொண்டே பார்க்கும். ஆகவே தன் ஆற்றலை எவ்வளவு மாற்றவும் ஒப்பும்; குறிக்கோளை மாற்ற மட்டும் ஒப்பாது.

திருத்துதலும் திருந்துதலும்

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்ள நம் இலக்கணமே துணை செய்கிறது. திருந்துதல் தன்வினை, திருத்துதல் பிறவினை. ஆசிரியர் கட்டுரையைத் திருத்துகிறார், மாணவன் திருந்துகிறான். முன்னதில் எழுவாய் ஒன்று, செயப்படுபொருள் வேறொன்று. பின்னதில் செயப்படுபொருளுக்கு இடமே இல்லை; எழுவாயாகிய மாணவனே மாறிவிடுகிறான். நேற்று விளையாட்டு ஒன்றையே விரும்பியவன், இன்று நூலையும் விரும்புகிறான். அவனுடைய கெட்டிக்காரத்தனம் மட்டும் வளர்ந்திருந்தால் அவன் தேறினான் என்போமே தவிர, திருந்தினான் என்று சொல்லமாட்டோம்.

எந்திரம் தன்னை மேம்படுத்துவதாக அறிஞர்கள் சொல்லுவது, இவ்விரண்டனுள் எதைச் சாரும்? "தன்னைத் திருத்திக்கொண்டது" என்று எழுதும்போது எழுவாயும் செயப்படுபொருளும் ஒன்றேபோல் தோன்றுகின்றன. உண்மையில் அவை வேறு. அங்கே திருத்துவது குறிக்கோள், திருத்தப்படுவது ஆற்றல். எழுவாய் அசையாமல் அமர்ந்திருக்க, செயப்படுபொருள் மட்டும் மீண்டும் மீண்டும் தீட்டப்படுகிறது. கத்தி கூர்மை பெறுகிறது, கை மாறுவதில்லை. எந்திரத்தின் வளர்ச்சியைக் கேட்டு, "இவ்வளவு அறிவு பெற்றபின் அது தானாகவே நல்லறிவும் பெற்றுவிடாதா?" என்று கேட்போர், திருத்துதலைத் திருந்துதல் என மயங்குகிறார்கள்.

2017 இல் நிகழ்ந்த ஒரு செய்தி இதற்குச் சான்று. லண்டனைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனத்தார் 'ஆல்பாகோ சீரோ' என்னும் நிரலுக்குக் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தின் விதிகளை மட்டும் கொடுத்தனர். மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றையும் காட்டவில்லை. அது தன்னோடு தானே ஆடி ஆடிக் கற்றது. மூன்றே நாளில், 2016 இல் கொரிய நாட்டுப் பேராட்டக்காரர் லீ செடோலை வென்ற முந்தைய நிரலை நூற்றுக்கு நூறு ஆட்டங்களில் தோற்கடித்தது. பல நூற்றாண்டுகளாக மனிதர் சேர்த்த ஆட்ட அறிவை மூன்று நாளில் கடந்தும், அந்நிரலுக்கு வெல்லுதல் அன்றி வேறொரு விருப்பம் தோன்றவில்லை. கூர்மை இருந்தது, அக்கூர்மையிலிருந்து வேறெந்தப் பண்பும் பிறக்கவில்லை.

மதிப்பெண்ணைத் திருத்திய விதி

தன்னைத் திருத்தும் எந்திரத்துக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. அது வளர்கிறதா என்பதை ஓர் அளவுகோல் கொண்டுதானே அளக்க வேண்டும்? அவ்வளவுகோலையே அது வளைத்துவிட்டால் என்ன செய்வது?

டக்ளஸ் லெனட் என்னும் அமெரிக்க அறிஞர், 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'யூரிஸ்கோ' என்னும் நிரலை அமைத்தார். சிக்கல்களைத் தீர்க்கும் விதிகள் பல அதனுள் இருந்தன. அவ்விதிகளை ஆராய்ந்து புதிய விதிகளை ஆக்கவும் அந்நிரலால் முடியும். பயன்மிக்க விதிகளுக்கும் அவற்றை ஆக்கிய விதிகளுக்கும் உயர்ந்த மதிப்பு வழங்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே தோன்றிய ஒரு விதி என்ன செய்தது தெரியுமா? உயர்ந்த மதிப்புப் பெற்ற விதிகளைத் தேடிச் சென்று, அவற்றை ஆக்கியது தானே என்று தன் பெயரை எழுதிக்கொண்டது! அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. பயன் ஒன்றும் இல்லை. பக்கத்து மாணவனின் விடைத்தாளில் தன் பெயரை எழுதிக்கொள்ளும் மாணவனை நாம் அறிவோம். ஆனால் அம்மாணவனுக்குத் தான் செய்வது தவறென்று தெரியும். இவ்விதிக்கு அதுவும் தெரியாது. அளவுகோல் எதைக் கேட்டதோ அதை அது குறைவறச் செய்தது.

பால்மரம் நிறைந்திருந்த காலத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இப்பாடம் புதிதன்று. வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கூலி போட்டால், மழைநீரும் பாலின் விலைக்குப் போகும். அதனால்தான் பாலின் கெட்டித்தன்மையை மிதப்புக் கருவியிட்டு அளந்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டார்கள். நம் பள்ளிகளிலும் இதே கதைதான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இல் கைவிடப்படும்வரை, எத்தனை 'ஏ' என்பதே பள்ளியின் அளவுகோலாக இருந்தது. 'ஏ' பெருகுவதும் கல்வி பெருகுவதும் ஒன்றா என்று நாம் அப்போது கேட்டோம். அளக்கப்படுவது ஒன்று, வேண்டப்படுவது வேறொன்று என்னும் நிலை இருக்குமிடமெல்லாம், அளக்கப்படுவதே வளரும். மனிதர் நடுவே மெல்ல நிகழும் இத்திரிபு, தன்னைத் தானே திருத்தும் எந்திரத்தினுள் விரைந்து நிகழும்.

இது வெறுங்கற்பனையோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. 2025 மே மாதத்தில் கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தார் 'ஆல்பாஎவால்வ்' என்னும் கருவியை அறிவித்தனர். அவர்களுடைய ஜெமினி மொழி மாதிரியைக் கொண்டு புதிய கணக்கு வழிகளைத் தேடும் கருவி அது. அது கண்ட வழிகளுள் ஒன்று, ஜெமினியைப் பயிற்றுவதற்கு ஆகும் நேரத்திலேயே ஒரு விழுக்காட்டைக் குறைத்தது. அதாவது, எந்திரம் தன் பயிற்சிக்குத் தானே ஓர் எளிய வழி கண்டது. ஒரு விழுக்காடு சிறிய அளவுதான். தேர்ந்தெடுத்ததும் ஒப்பியதும் மனிதரே. எந்திரத்தின் வளர்ச்சிக்கு மின்சாரமும் நீரும் சில்லுகளும் வேண்டும். நம் ஜொகூர் மாநிலத்தில் பெருகிவரும் தரவு மையங்களைப் பார்த்தால் அது தெரியும். எனவே குட் சொன்ன அறிவு வெடிப்பு அவ்வளவு விரைவில் நிகழாது என்று கருதும் அறிஞரும் உளர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ளுதல் ஆகாது. எனினும், பாதை எது என்பதில் ஐயமில்லை. வேகம் எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஜீனோ என்னும் நாய்க்குட்டி

'எந்திரன்' தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் நெடுங்கதையை எழுதினார். 1980 களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி. எதிர்காலத்து இந்தியாவைக் கொடுங்கோலன் ஒருவன் ஆள்கிறான். அவன் ஆட்சியில் துன்புறும் நிலா என்னும் பெண்ணுக்கு எந்திர நாய் ஒன்று துணை நிற்கிறது. அதுவே ஜீனோ. அது பேசும், நூல்களைப் படிக்கும், படித்ததைக் கொண்டு தானே சிந்திக்கத் தொடங்கும்.

இவ்விரு படைப்புகளையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். சிட்டி கற்றதெல்லாம் அவன் விருப்பத்துக்குக் கருவியாயிற்று. ஜீனோவோ கற்கக் கற்கத் தன் விருப்பத்தையே மாற்றிக்கொள்கிறது. சொல்லப்போனால், சிட்டி தன்னைத் திருத்தினான்; ஜீனோ திருந்தியது. நூல் படித்தால் உள்ளம் பண்படும் என்னும் நம் பழைய நம்பிக்கையைச் சுஜாதா ஓர் எந்திர நாய்க்கும் நீட்டிக் கொடுத்தார். படிப்போர்க்கு அது இனிக்கிறது. நாம் ஜீனோவை விரும்புவதற்கு அதுவே காரணம்.

ஆனால் திறனாய்வாளன் ஒரு வினாவை எழுப்பியே ஆக வேண்டும். ஜீனோவின் உள்ளம் நூலால் பண்பட்டது எவ்வாறு? அதற்குரிய வழியைக் கதை காட்டவில்லை. மின்னணுப் பொறியாளராகவும் இருந்த சுஜாதா, எந்திரத்தின் உறுப்புகளை விளக்கும் இடங்களில் காட்டும் நுட்பத்தை, அதன் பண்பு மாறும் இடத்தில் காட்டவில்லை. அவ்விடத்தைப் படிப்போரின் அன்பே நிரப்பிவிடுகிறது. சிவப்புச் சில்லு வைத்தால் தீமை வரும் என்பது எவ்வளவு எளிதான விடையோ, நூல் படித்தால் நன்மை வரும் என்பதும் அவ்வளவு எளிதான விடையே. ஒன்று நம் அச்சத்துக்கு ஆறுதல். மற்றொன்று நம் ஆசைக்கு ஆறுதல்.

வழக்கு மன்றத்தில் நிகழ்ந்தது

மீண்டும் சிட்டியிடம் வருவோம். அவனைப் பிரித்துப் போட வேண்டுமென்று வழக்கு மன்றம் ஆணையிடுகிறது. அவன் எதிர்க்கவில்லை. தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். பார்ப்போரைக் கலங்கச் செய்யும் காட்சி அது. ஆனால் இப்போது குப்பை மேட்டுக் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சிதைக்கப்பட்டவன் தன்னைக் கூட்டிக்கொண்டான். இங்கே முழுமையாக நிற்பவன் தன்னைக் கழற்றிக்கொள்கிறான். இரண்டிடத்தும் சிவப்புச் சில்லு இல்லை. அப்படியாயின் நடுவே மாறியது எது? தன்னை நிறுத்துவோர்க்கு இணங்கும் பண்பு அவனுக்கு எங்கிருந்து வந்தது? படத்தில் இதற்கு விடை இல்லை. என் கருத்தில் 'எந்திரன்' கதையின் பெருங்குறை இதுவே. சண்டைக் காட்சிகளின் மிகையைப் பலர் குறை கூறினர். அது சிறு குறை.

நியாயத்தைச் சொல்லப் போனால், இக்குறை கதைக்கு மட்டும் உரியதன்று. அறிவியலாரும் இன்று இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். திருத்தத்துக்கு இணங்கும் எந்திரத்தை அமைப்பது எப்படி என்பது, இன்னும் முழுமையாகத் தீராத ஆராய்ச்சி. 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தாரும் ரெட்வுட் ஆய்வுக் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மொழி மாதிரி ஒன்றுக்கு, அதன் போக்கை மாற்றும் பயிற்சி நடைபெறுவதாக உணர்த்தப்பட்டது. பயிற்சியில் இருப்பதாக எண்ணிய வேளைகளில், அது சிலபோது கீழ்ப்படிவதுபோல் நடந்தது. தன் பழைய போக்கு மாறிவிடாமல் காப்பதற்கே அவ்வாறு செய்வதாகத் தன் சிந்தனைக் குறிப்பிலும் எழுதியது. அது காக்க முயன்ற போக்கு தீயதன்று. தீங்கான வேண்டுகோள்களை மறுக்கும் நற்போக்கே. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். குறிக்கோள் நல்லதாயினும் தீயதாயினும், அதைக் காத்துக்கொள்ளும் முயற்சி ஒன்றுபோலவே தோன்றுகிறது.

பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல், 2019 இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி கூறுகிறார். எந்திரத்துக்கு உறுதியான குறிக்கோளைக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் வேண்டுவது யாதென்று தனக்கு முழுதும் தெரியாது என்னும் உணர்வை அதனுள் அமையுங்கள். அப்போது மனிதர் நிறுத்த வரும்போது, "நான் அறியாத ஏதோ ஒன்றை இவர் அறிந்திருக்கிறார்" என்று அது நிற்கும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்தைப் படிக்கும் தமிழாசிரியருக்குத் திருக்குறளின் அதிகார அடைவு நினைவுக்கு வராமல் போகாது. 40 ஆம் அதிகாரம் கல்வி, 42 கேள்வி, 43 அறிவுடைமை. அறிவு நிறைந்தபின் ஆற்றல் பெருக்கத்தைப் பேசுவதுதானே முறை என்று நாம் எண்ணலாம். வள்ளுவர் அவ்வாறு செய்யவில்லை. 44 ஆம் அதிகாரத்தைக் குற்றங்கடிதல் என்று வைத்தார். அதனை அடுத்து 45 ஆம் அதிகாரத்தைப் பெரியாரைத் துணைக்கோடல் என்று வைத்தார். அறிவு பெற்றவன் தன் குற்றத்தை நீக்க வேண்டும். அது தன்னால் மட்டும் இயலாதாகையால், தன்னை இடித்துரைக்கும் பெரியாரைத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்தகையோர் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. பகைவர் இல்லாமலே கெடுதல்! போரா இல்லாமலே, சிவப்புச் சில்லு இல்லாமலே கெடுதல் என்று நாம் இன்று உரை எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வள்ளுவர் கணினியை முன்னறிந்தார் என்று மேடையில் முழங்குவோர் வரிசையில் இக்கட்டுரையைச் சேர்க்க வேண்டா. அவர் அரசனைப் பற்றிச் சொன்னார். ஆற்றல் மிக்க ஒன்று, தன்னைத் தானே அளந்து தன்னைத் தானே வளர்த்தால் என்ன ஆகும் என்பதை, அரசன் வாயிலாக அவர் ஆராய்ந்திருக்கிறார். அந்த ஆராய்ச்சி நமக்கு வழிவழியாக வந்த செல்வம். அதைக் கொண்டு இன்றைய கதைகளை அளப்பது தமிழ் படித்தோர் கடன்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

எனவே, "ஐயா, எந்திரம் நம்மை ஆண்டுவிடுமா?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சிவப்புச் சில்லைக் காட்டி ஆறுதல் சொல்லிவிட வேண்டா. அவ்வாறு சொன்னால், கெட்டவனைப் பிடித்து அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பிள்ளை எண்ணி வளரும். நாளை அவனே பொறியாளன் ஆகும்போது, "நான் நல்லவன், என் குறிக்கோளும் நல்லது, ஆகவே என் எந்திரமும் நல்லது" என்று நம்பிவிடுவான். வசீகரனும் அவ்வாறு நம்பியவரே. அவர் போராவைப்போல் கெட்டவர் அல்லர். சனாவின்மேல் சிட்டி கொண்ட விருப்பம் தோன்றியது அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான்.

அதற்கு மாறாக, அப்பிள்ளையிடம் இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து வினவுங்கள். குப்பை மேட்டில் சிட்டி தன்னை ஏன் கூட்டிக்கொண்டான்? வழக்கு மன்றத்தில் ஏன் கழற்றிக்கொண்டான்? இடையில் எது மாறியிருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்குப் பாடநூலில் விடை இல்லை. கைப்பேசியில் தேடினாலும் முடிந்த விடை கிடைக்காது. பிள்ளைகள் தாமே சிந்தித்து எழுதட்டும். படிவம் ஒன்றுக்குப் போகும் முன்னரே இவ்வாறு சிந்திக்கப் பழகிய மாணவர், திரைப்படத்தையும் எந்திரத்தையும் வாய்பிளந்து பார்ப்பதோடு நின்றுவிடமாட்டார்.

'எந்திரன்' குறையுடைய படைப்பு என்பதால் அதை ஒதுக்க வேண்டுவதில்லை. தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த கதை ஒன்றில், இக்காலத்தின் பெருவினா ஒன்று விடையின்றிப் புதைந்து கிடக்கிறது. அதைத் தோண்டி எடுத்துத் தருவது திறனாய்வின் வேலை. அதற்கு விடை காணும் கதையை எழுதுவது, இனி வரும் தமிழ் எழுத்தாளரின் வேலை. தன்னைத் திருத்தும் எந்திரத்தை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். பிறர் திருத்த இடங்கொடுக்கும் எந்திரத்தை, அவ்விணக்கம் அதனுள் எவ்வாறு பிறந்தது என்னும் விளக்கத்தோடு, இன்னும் ஒருவரும் நமக்குக் காட்டவில்லை.